இங்கிலாந்தின் கார்ன்வால் கிராமங்களில் கேட்ட குடும்பக் கதைகள்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

இரவுப்பணிச் செவிலி

லெவன்ட் சுரங்க விபத்தைப் பற்றி இங்கு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். செயின்ட் ஜஸ்ட் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நான் பணியாற்றுகிறேன். அங்குள்ள ஒரு பெரியவரின் தாத்தா, 1919 அக்டோபர் 20 அன்று சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் 'மேன் என்ஜின்' இயந்திரம் அறுந்து இறந்த 31 பேரில் ஒருவர். ஓர் இரவு உறக்கம் வராமல் எழுந்து உட்கார்ந்த அவர், அந்த இயந்திரத்தில் ஆட்கள் எப்படி ஏறி வந்தார்கள் என்று எனக்குக் காட்டியே ஆக வேண்டும் என்றார்.

கட்டிலோரக் கம்பளத்தை மேலும் கீழும் ஓடும் மரத்தண்டாகவும், வெறுந்தரையைச் சுரங்கச் சுவரில் பொருத்திய மேடையாகவும் வைத்துக்கொண்டார். தண்டு 12 அடி மேலே போகும், மேடைக்கு மாறு. தண்டு இறங்கி அடுத்த படி எதிரே வரும், அதற்கு மாறு. வாக்கரைப் பிடித்தபடி, எண்ணிக்கொண்டே கால் மாற்றினார். சில முறை மாறியவர், ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டார். விழப்போகிறார் என்று பயந்து தோளைப் பிடித்தேன். "என் அப்பா இதைக் காட்டும்போதெல்லாம் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார், இதற்கு மேல் எனக்கும் தெரியாது" என்றார். அவருடைய அப்பா அந்த விபத்தின்போது சிறுவன். வேலை முடிந்து மேலே வந்துகொண்டிருந்தவர்கள்தான் விழுந்தார்கள் என்பது, அந்தத் தூக்கிய காலைப் பார்க்கும்வரை எனக்கு ஒரு செய்தியாக மட்டுமே இருந்தது.

தங்கவயல் பேரன்

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவன், இப்போது கேம்போர்னில் இருக்கிறேன். 1880-களில் ஜான் டெய்லர் நிறுவனம் தங்கவயலை நடத்தத் தொடங்கிய பிறகு, இந்த ஊர்களிலிருந்து எத்தனை பேர் அங்கே சுரங்கக் கேப்டன்களாகவும் மேஸ்திரிகளாகவும் போனார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். வட ஆற்காட்டிலிருந்து போன என் கொள்ளுத்தாத்தா அவர்களுக்குக் கீழே பாறை உடைத்தவர்.

இங்கே மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் ஒரு சேப்பலில் காலைக் காப்பிக்குப் போயிருந்தபோது, நான் எந்த ஊர் என்று கேட்ட ஒரு மூதாட்டி, பதில் கேட்டதும் வீட்டுக்குப் போய் ஒரு புகைப்படத்தை எடுத்து வந்தார். தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் எடுத்தது. முன்வரிசையில் தொப்பியும் மீசையுமாக ஆறு வெள்ளையர்கள் நாற்காலியில். பின்னால் தலைப்பாகை கட்டிய பதினைந்து பேருக்கு மேல் நின்றுகொண்டிருந்தார்கள். படத்தின் பின்புறத்தில் உட்கார்ந்திருந்த ஆறு பேரின் பெயர்களும் ஊர்களும் பென்சிலில் அழகாக எழுதப்பட்டிருந்தன. அதற்குக் கீழே "கூலிகள்" என்று ஒரே ஒரு சொல். அந்த அம்மாள் தம் கைப்பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டி, "உங்களுக்குத் தெரிந்தவர்களின் பெயர்களை எழுதுங்கள்" என்றார். கேலியில்லை, உண்மையாகவே எனக்குத் தெரியும் என்று நம்பினார். அவருடைய தாத்தா எந்தத் தெருவில் பிறந்தார், எந்த ஆண்டு கப்பலேறினார், காய்ச்சலில் இறந்த குழந்தையை எங்கே புதைத்தார் என்பது வரை அவருக்குத் தெரிந்திருந்தது. என் கொள்ளுத்தாத்தாவின் முகம்கூட எனக்குத் தெரியாது. அந்த வரிசையில் அவர் இருந்தாலும் நான் அடையாளம் கண்டிருக்க மாட்டேன். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடியபோது வராத ஒரு கோபம், அந்தப் பென்சிலைப் பார்த்தபோது வந்தது. யார் மீது என்றுதான் சொல்லத் தெரியவில்லை.

பதிவேட்டுப் பிரியர்

செவிலி அவர்களே, அந்தப் பெரியவர் காட்டியது மனத்தைத் தொடுகிறது. ஆனால் மூன்று தலைமுறை தாண்டி வந்த கதையை அப்படியே நம்பக் கூடாது. எனக்குத் தெரிந்த ஓர் அம்மையார், தம் கொள்ளுத்தாத்தா 1893-இல் வீல் அவுல்ஸ் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தபோது மூழ்கினார் என்று குழந்தைப் பருவம் முதல் கேட்டு வளர்ந்தவர். இறந்த 20 பேரின் பட்டியலில் அவர் பெயர் இல்லை. தெற்கு ஆஸ்திரேலியாவின் மூன்டா செம்புச் சுரங்க ஊரில், இன்னொரு மனைவியோடும் பிள்ளைகளோடும் அவர் கிடைத்தார். காகிதத்தை நான் காட்டியதும் அந்த அம்மையார் கேட்டார்: "அப்படியானால் கொள்ளுப்பாட்டி சாகும்வரை யாருக்காகக் கறுப்பு உடுத்தினாள்?"

ஆகவே எல்லோருக்கும் சொல்கிறேன். தேவாலயங்களின் பங்குப் பதிவேடுகள் 1538-இல் தொடங்குகின்றன, ஆனால் எல்லா ஊருக்கும் அந்தக் காலத்து ஏடுகள் எஞ்சவில்லை. அரசின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு 1837 ஜூலை 1-இலிருந்துதான். குடும்பம் மெதடிஸ்டாக இருந்தால், எந்தப் பிரிவு என்று முதலில் கேளுங்கள். வெஸ்லியன், பைபிள் கிறிஸ்டியன் என்று ஒரே கிராமத்தில் தனித்தனிச் சேப்பல்களும் தனித்தனி ஞானஸ்நான ஏடுகளும் இருந்திருக்கும். 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்க்கலாம். 1931-ஆம் ஆண்டுக்கானது 1942-இல் தீயில் போய்விட்டது, 1941-இல் எடுக்கவே இல்லை. ரெட்ரூத்தில் பழைய மதுவாலை இருந்த இடத்தில் 2019-இல் திறந்த கிரெசன் கெர்னோ ஆவணக் காப்பகத்துக்குப் போகும் முன், பெயர், சேப்பல், சுரங்கம் மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். இந்தப் பகுதியில் ஒரே பெயரில் நான்கு பேர் ஒரே தெருவில் இருந்திருப்பார்கள். தங்கவயல் நண்பரே, மூலப்படத்தின் பின்னால் யாரையும் எதையும் எழுத விடாதீர்கள். இரு பக்கங்களையும் ஸ்கேன் செய்து, ஒரு பிரதியைக் காப்பகத்துக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

பெண்டீன் வாசி

பதிவேட்டுப் பிரியர் சொல்லும் அதே வீல் அவுல்ஸையே எடுத்துக்கொள்வோம். காந்த வடக்கு ஆண்டுதோறும் சிறிது சிறிதாக நகர்வதைக் கணக்கில் எடுக்காமல் வரைந்த வரைபடத்தை நம்பித்தான், பக்கத்தில் கைவிடப்பட்டு நீர் நிரம்பியிருந்த சுரங்கத்தை உடைத்தார்கள். அந்த 20 பேரைக் கொன்றதில் காகிதத்துக்கும் பங்கு உண்டு. இன்னொன்று, அங்கே இறந்தவர்களின் உடல்கள் வெளியே வரவே இல்லை. ஓடிப்போன கணவனுக்குக் கல்லறை எங்கே என்று யாரும் கேட்க முடியாத ஒரே சாவை அந்தக் கொள்ளுப்பாட்டி தேர்ந்தெடுத்திருக்கிறாள். அவள் பொய் சொன்னாள் என்றால், அந்தப் பொய்யும் குடும்ப வரலாறுதான். எந்தப் பதிவேட்டிலும் அது கிடைக்காது.

என் அனுபவம் சிறியது. இங்கே வீடு வாங்கும் எல்லோரையும் போல நானும், நிலத்துக்கு அடியில் பழைய சுரங்கம் உண்டா என்று சொல்லும் சுரங்க அறிக்கை வாங்கினேன். தோட்டத்து வேலியோரம் மூடிய குழி ஒன்று இருப்பதாக அதில் இருந்தது. பக்கத்து நிலத்துக்கார முதியவர் வந்து பார்த்துவிட்டு, "அங்கே இல்லை" என்று சொல்லி, ருபார்ப் செடிப் பாத்தி நடுவே போய்க் குச்சியை ஊன்றினார். அவருடைய பாட்டி சிறுவயதில் செம்புத்தாது உடைக்கும் வேலைக்குப் போனவராம். அந்த இடத்தைச் சுற்றித்தான் பிள்ளைகளை நடக்கச் சொல்வாராம். அறிக்கை தந்தவர்களிடம் கேட்டதற்கு, பழைய வரைபடத்தில் அப்படி இல்லை என்று பதில் வந்தது. நான் இரண்டு இடத்திலும் வேலி போட்டுவிட்டேன்.

பதிவேட்டுப் பிரியர்

வேலியை இரண்டு இடத்தில் போடலாம் ஐயா. ஒருவருக்கு இரண்டு மரணத்தைப் போட முடியாது. ஆனால் கொள்ளுப்பாட்டியைப் பற்றி நீங்கள் சொன்னதை அந்த அம்மையாரிடம் படித்துக் காட்டினேன். கறுப்பு உடையில் கொள்ளுப்பாட்டி நிற்கும் ஒரு ஸ்டூடியோ படம் அவரிடம் இருக்கிறதாம். அட்டையில் அச்சிட்ட ஸ்டூடியோ முகவரியை வைத்து அது 1893-க்கு முந்தையதா என்று பார்க்கலாம் என்றிருக்கிறேன். அடுத்த வாரம் கொண்டு வருகிறார்.