63-இல் புது பகா எண் எங்கே இருக்கிறது?

எண்பித்தன்:
1, 3, 7, 15, 31, 63 என்று போகும் வரிசை, அதாவது 2-இன் அடுக்குகளில் ஒன்றைக் கழித்து வரும் எண்கள். "1-ஐ விட்டுவிட்டால் ஒவ்வொரு எண்ணும் ஒரு புது பகா எண்ணையாவது கொண்டுவரும், அதனால் பத்து எண் வரை பார்த்தால் வெவ்வேறு பகாக் காரணிகள் ஒன்பதாவது இருக்கும்" என்று கணக்கன் அடித்துச் சொல்கிறார். 63-ஐப் பிரித்துப் பார்த்தாரா? 3×3×7. மூன்று இரண்டாம் எண்ணிலேயே வந்துவிட்டது, ஏழு மூன்றாம் எண்ணில். புதுசு எங்கே?

கணக்கன்:
63-க்கு மூன்று பகாக் காரணிகள். 3, 3, 7. விரல் விட்டு எண்ணுங்கள்.

எண்பித்தன்:
"வெவ்வேறு" என்று எழுதியது நீங்கள்தான். ஒரே 3-ஐ இரண்டு தடவை எண்ணினால் அது வெவ்வேறா? 63-இல் இரண்டுதான், இரண்டும் பழசு. 63 இந்த வரிசையில் ஆறாம் எண். 6-ஐ 2-உம் 3-உம் வகுக்கும். அதனால் 63-ஐ இரண்டாம் எண்ணான 3-உம் மூன்றாம் எண்ணான 7-உம் வகுத்தே தீரும். இரண்டாலும் வகுத்தால் மிஞ்சுவது மறுபடி அதே 3. இந்த வரிசையில் 1-க்கு அடுத்து இப்படி ஏமாற்றும் ஒரே எண் 63தான் என்று டென்மார்க் கணிதர் பாங் 1886-லேயே நிறுவிவிட்டார்.

கணக்கன்:
ஒரே ஒரு எண்ணைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். 2047 = 23×89, இரண்டுமே புதுசு. அதோடு கடன் தீர்ந்தது. 3, 7, 5, 31, 127, 17, 73, 11, 23, 89. பதினோராம் எண் வரை பத்து வந்துவிட்டதே!

எண்பித்தன்:
நீங்கள் சொன்னது பத்து எண் வரை. அங்கே எட்டுதான். அப்புறம், 2047 பகா எண் என்று போன மாதம் சாதித்தவர் யார்? 23-ஆல் வகுத்துக் காட்டியது நான். இன்று அதை எனக்கே பாடம் எடுக்கிறீர்கள்.

ஓரத்தில் ஒருவன்:
முந்தைய இரண்டு எண்களைக் கூட்டி அடுத்ததை எழுதும் பிபனாச்சி வரிசையிலும் (1, 1, 2, 3, 5, 8...) 8, 144 இரண்டும் இப்படித்தான், புதிதாக எதையும் தராது. அது சரி, 1-க்கு எத்தனை பகாக் காரணி?

கணக்கன்:
1-ஐ ஏன் இழுக்கிறீர்கள்? பிபனாச்சியை யார் கேட்டார்கள்? போன மாதக் கதையும் வேண்டாம். 63-க்கு மூன்று, அவ்வளவுதான்.

எண்பித்தன்:
இரண்டு. 1-க்கு ஒன்றும் கிடையாது, அவர் கேட்டதில் தப்பில்லை. பன்னிரண்டாம் எண் 4095-ஐ எடுங்கள்: 3×3×5×7×13. புதுசு 13 மட்டும். அங்கேயும் இரண்டாவது 3-ஐத் தனியாக எண்ணுவீர்களா?

கணக்கன்:
முதலில் 63-ஐ ஒழுங்காக எண்ணுங்கள். மூன்று.