'எ பாய் அண்ட் ஹிஸ் டாக்' (1975): நிலத்தடி ஊருக்குள் போனதும் படம் சறுக்குகிறதா?

கேள்வி:
ஹார்லன் எல்லிசன் 1969இல் எழுதிய குறுநாவலைத் தழுவி எல்.க்யூ. ஜோன்ஸ் இயக்கிய இந்தப் படத்தின் முதல் பகுதி என்னை அப்படியே கட்டிப்போட்டது. நான்காம் உலகப் போர் ஐந்தே நாளில் முடிந்துவிட, 2024ஆம் ஆண்டின் அமெரிக்கப் பாலை நிலத்தில் விக் என்ற இளைஞனும், மனத்தாலேயே அவனோடு பேசும் பிளட் என்ற நாயும் டின் உணவு தேடி அலைகிறார்கள். ஆனால் விக் டொபீகா என்ற நிலத்தடி ஊரில் இறங்கியதும், முகமெல்லாம் வெள்ளைப் பூச்சோடு மனிதர்கள் வர, வேறொரு படம் தொடங்கிவிட்டதோ என்று தோன்றுகிறது. இது பணத் தட்டுப்பாட்டின் விளைவா, இயக்குநர் எண்ணிச் செய்ததா?

மறுமொழி 1:
எண்ணிச் செய்தது என்றே நான் கருதுகிறேன். வெயிலே படாத அந்த மனிதர்கள் போருக்கு முந்தைய சிற்றூர் வாழ்க்கையை விடாப்பிடியாக நடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நடிப்புக்கு ஏற்ற வேடம்தான் வெள்ளைப் பூச்சு. ஒலிபெருக்கியைக் கவனித்துக் கேளுங்கள், சமையல் குறிப்புகளும் நல்லுரைகளும் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். ஊரை ஆளும் குழுவின் தலைவராக வரும் ஜேசன் ரொபார்ட்ஸ், அடங்காதவர்களைப் 'பண்ணைக்கு' அனுப்பச் சொல்லும்போது குரலில் துளியும் கோபம் இருக்காது. கூட்டத்தில் அடுத்த பொருளுக்குப் போவதுபோல் மரண தண்டனையைச் சொல்லி முடிப்பார். அதை நிறைவேற்றுவது உழவர் உடையில் சிரித்த முகத்தோடு வரும் ஓர் இயந்திர மனிதன். மேலே பசிக்காகக் கொலை நடக்கிறது, கீழே பண்பாட்டுக்காக. எனக்கு இரண்டாவதுதான் அச்சமூட்டியது.

மறுமொழி 2:
பணத்தையும் அப்படி ஒதுக்கிவிட முடியாது. மொத்தச் செலவு சுமார் 4 லட்சம் டாலர் என்பார்கள். நாய் மனத்தால் பேசுவதால் வாயசைவுக்கான தந்திரக் காட்சி எதுவும் தேவைப்படவில்லை. டிம் மக்கின்டையரின் சலிப்பும் கிண்டலும் கலந்த குரலே போதுமானதாயிற்று. கதிர்வீச்சுக்கு ஆளானவர்கள் வரும் இடத்திலும் பச்சை ஒளியும் ஓலமுமே பயத்தை உண்டாக்கிவிடுகின்றன. நிலத்தடி ஊருக்கு வானம் முழுக்க இருட்டு. அதனால் ஊர் எங்கே முடிகிறது என்பது தெரிவதில்லை, பெரிய அரங்கமும் தேவைப்படுவதில்லை. கையில் காசில்லாதவர் செய்த சிக்கனம் இப்படிக் கதைக்கே பொருந்திப்போவது அரிது.

மறுமொழி 3:
வடிவத்தைப் பற்றி இருவரும் சொன்னது சரி. எனக்கு உறுத்தல் வேறிடத்தில். உணவுக்குக் கைம்மாறாக அந்த நாய் விக்குக்கு மோப்பம் பிடித்துக் கொடுப்பது பெண்களைத்தான். அதைப் படம் பெரும்பாலும் வேடிக்கையாகவே காட்டுகிறது. விக்கை நிலத்தடி ஊருக்கு ஈர்த்து வரும் பெண்ணான குவில்லா ஜூன், ஊரை ஆளும் குழுவைக் கவிழ்த்து ஆட்சியைத் தானே பிடிக்கத் திட்டமிடும் அளவுக்குத் துணிந்தவள். அவளுடைய அந்த ஆசையை வஞ்சகமாக மட்டும் காட்டிவிட்டு, முடிவில் ஒரு சிலேடையால் அவளைத் தீர்த்துவிடுகிறார்கள். (பார்க்காதவர்களுக்காக அந்த வரியை இங்கே எழுதவில்லை.) 1976இல் படத்துக்கு, அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருது கிடைத்தது, ஆயினும் அந்தக் கடைசி வரியைப் பெண் வெறுப்பு என்று எல்லிசனே வெளிப்படையாகச் சாடினார். படத்தைப் பார்த்த கையோடு குறுநாவலின் கடைசிப் பக்கத்தையும் படித்துப் பாருங்கள். நடப்பது ஏறக்குறைய அதேதான், ஆனால் அங்கே யாரும் சிரிப்பதில்லை.