பிரிட்டனுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு: பிள்ளைகளின் மூளைக்கான சமையலை உப்பிலிருந்து தொடங்குங்கள்

இங்கே வந்து இறங்கிய பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான். பிள்ளை பள்ளி விட்டு வரும்போதே சோர்ந்துபோகிறது, பாடத்தில் கவனம் நிற்கவில்லை, மூளைக்கு நல்லதாக எதைக் கொடுக்கலாம்? கேட்ட கையோடு பலர் விலை உயர்ந்த பவுடர்களையும் புளூபெர்ரியையும் வாங்கிக் குவிக்கிறார்கள். நம் வீட்டுச் சமையலே போதும் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் நாடு மாறும்போது அந்தச் சமையலிலிருந்து சில சத்துகள் நமக்குத் தெரியாமலே விடுபட்டுப் போகின்றன. அவற்றைக் கண்டுபிடித்துத் திரும்பச் சேர்ப்பதுதான் நம் வேலை.

முதலில் உப்பு. இந்தியாவிலும் இலங்கையிலும் கடையில் விற்கும் சமையல் உப்பில் அயோடின் சேர்ப்பது சட்டப்படி கட்டாயம். பிரிட்டனில் அப்படி ஒரு சட்டம் இல்லை. சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும் சாதாரண உப்பில் பெரும்பாலும் அயோடின் இருக்காது. தைராய்டு சுரப்பி தன் ஹார்மோனை உண்டாக்க அயோடின் தேவை. குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அந்த ஹார்மோன் தேவை. இந்நாட்டவருக்கு அயோடின் அதிகமாகக் கிடைப்பது பாலிலும் தயிரிலும். அடுத்து மீனிலும் முட்டையிலும். ஆகவே தயிர்சாதத்தைக் கைவிட்டுவிடாதீர்கள். ஓட்ஸ் பால், பாதாம் பால் என்று மாறியிருந்தால் அட்டைப் பெட்டியில் அயோடினும் கால்சியமும் சேர்த்திருப்பதாகப் போட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். ஆர்கானிக் பாலில் அயோடின் சாதாரணப் பாலைவிடக் குறைவு, அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. நம்மவர் கடைகளில் அயோடின் கலந்த உப்பு கிடைக்கும், வாங்குங்கள். உப்பின் அளவை மட்டும் கூட்டாதீர்கள்.

அடுத்தது மீன். மூளையிலும் விழித்திரையிலும் இருக்கும் கொழுப்பில் ஒமேகா-3 வகையைச் சேர்ந்த டிஎச்ஏ முக்கியமானது. அது நேரடியாகக் கிடைப்பது எண்ணெய்ச் சத்துள்ள மீன்களில். வாரத்துக்கு இரண்டு வேளை மீன், அதில் ஒன்று மத்தி, கானாங்கெளுத்தி, சால்மன் போன்ற வகை என்பது இங்குள்ள அரசு சுகாதாரத் துறையின் அறிவுரை. பெண் குழந்தைகளுக்கு இந்த எண்ணெய் மீன் வாரம் இரண்டு வேளைக்கு மேல் வேண்டாம், பையன்களுக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம் என்று உச்ச வரம்பும் உண்டு.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. நம் வீடுகளில் பிள்ளைபெற்றவளுக்கும் குழந்தைகளுக்கும் தேடிப் பிடித்துச் செய்து கொடுப்பது சுறாப்புட்டு. இலங்கைக் குடும்பங்களில் சுறா வறை. 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சுறா கொடுக்கவே வேண்டாம் என்கிறது பிரிட்டனின் அறிவுரை. பெரிய மீன்களின் உடலில் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும், அது வளரும் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும் என்பதே காரணம். கர்ப்பிணிகளுக்கும் இதே விலக்குதான்.

அந்தப் புட்டின் ருசியை இழக்க வேண்டாம். டின் மத்தியில் அதே முறையில் செய்யலாம், செலவும் குறைவு. தண்ணீரிலோ எண்ணெயிலோ போட்ட மத்தி டின் ஒன்றை வடித்துக்கொள்ளுங்கள். வாணலியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுக் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, பொடியாக அரிந்த சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, தட்டிய பூண்டு நான்கு பல், துளி இஞ்சி சேர்த்து நன்றாக வதக்குங்கள். மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி. பிறகு மீனைக் கையால் உதிர்த்துப் போட்டுக் கிளறுங்கள். டின் மீனின் முள் மிருதுவாக வெந்திருக்கும். அதை எடுக்காமல் மசித்துவிட்டால் கால்சியமும் கிடைக்கும். ஈரம் வற்றியதும் தேங்காய்த்துருவல் இரண்டு மேசைக்கரண்டி (உறைய வைத்துப் பாக்கெட்டில் விற்பதே போதும்), இறக்கியபின் எலுமிச்சைச் சாறு. சூடான சோற்றில் நெய்யோடு பிசைந்து உருண்டை பிடித்துத் தரலாம், சப்பாத்தியில் சுருட்டியும் தரலாம். டின் மீனில் ஏற்கெனவே உப்பு இருக்கும், ருசி பார்த்தபிறகே போடுங்கள். அவித்த உருளைக்கிழங்கோடு இதே கலவையைப் பிசைந்து பிள்ளைகளிடமே கொடுத்தால் நட்சத்திரம், மீன், கார் என்று வடிவம் செய்து தருவார்கள். தோசைக்கல்லில் சுட்டால் கட்லெட். தானே செய்ததைக் குழந்தை ஒதுக்குவது அபூர்வம்.

இதைப் பள்ளிக்குக் கொடுத்தனுப்பலாமா? பிள்ளை விரும்பினால் கட்டாயம் அனுப்புங்கள். புது வகுப்பில் மீன் வாசனையைப் பற்றி யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று அது தயங்கினால் வற்புறுத்தாதீர்கள், இரவுச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மீன் வயிற்றுக்குள் போவதுதான் முக்கியம், எந்த வேளை என்பது முக்கியமில்லை.

மூன்றாவது இரும்புச்சத்து. இது குறைந்தால் சோர்வும் கவனச் சிதறலும் வரும். பள்ளியிலிருந்து முதலில் வரும் புகாரும் பெரும்பாலும் கவனச் சிதறலைப் பற்றியதாகவே இருக்கும். நம் பருப்பிலும் கொண்டைக்கடலையிலும் கீரையிலும் இரும்பு இருக்கிறது. ஆனால் உடல் அதை எளிதில் எடுத்துக்கொள்வதில்லை. கூடவே வைட்டமின் சி இருந்தால் எடுத்துக்கொள்ளும். தேநீர் இருந்தால் தடைப்படும். குளிருக்கு இதமாக இருக்கட்டுமே என்று காலையில் பிள்ளைக்குப் பால் டீ கொடுக்கும் பழக்கம் இருந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள். பால்கூட அளவு மீறினால் பசியை அடைத்துச் சாப்பாட்டைக் குறைத்துவிடும்.

சுண்டலுக்கு ஈடான சாப்பாட்டுப் பெட்டி உணவு எனக்குத் தெரிந்து வேறில்லை. 400 கிராம் டின் கொண்டைக்கடலையைக் கழுவி வடித்து, கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துப் புரட்டுங்கள். ஊரில் மாங்காய் போடும் இடத்தில் இங்கே சிவப்புக் குடைமிளகாயைப் பொடியாக நறுக்கிப் போட்டு எலுமிச்சை பிழியுங்கள். இரண்டிலும் வைட்டமின் சி உண்டு. ஆறினாலும் ருசி கெடாது. கீரைக்குத் தவித்துப்போய், விமானத்தில் வந்த முருங்கைக் கீரைக்கு விலை கொடுக்க வேண்டாம். இங்கே கிடைக்கும் கேல் (kale) கீரையின் நடுத்தண்டை நீக்கிப் பொடியாக அரிந்து, பாசிப்பருப்பும் தேங்காயும் போட்டுப் பொரியல் செய்து பாருங்கள். அசைவர்கள் ஈரல் வறுவல் கொடுக்கலாம். வைட்டமின் ஏ மிகுதி என்பதால் வாரம் ஒரு முறையோடு நிறுத்துங்கள்.

சிறு பிள்ளைகள் துள்ளிக்கொண்டு சாப்பிடும் இன்னொன்று முட்டைப் பணியாரம். இரண்டு கரண்டி இட்லி மாவு, ஒரு முட்டை, துருவிய கேரட், நறுக்கிய பசலைக்கீரை, துளி மிளகு. கலந்து குழிப்பணியாரச் சட்டியில் ஊற்றினால் முடிந்தது. முட்டையில் அயோடினும் வைட்டமின் பி12-ம் மட்டுமல்லாமல், மூளைக்குத் தேவையான கோலின் என்ற சத்தும் இருக்கிறது. குளிர்காலத்தில் மாவு புளிக்கவில்லை என்றால் ஓவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் எரியவிடுங்கள். கேழ்வரகு அல்லது குரக்கன் மாவும் கோதுமை மாவும் சமமாக எடுத்து, முட்டை, மசித்த பழுத்த வாழைப்பழம், பால், ஏலக்காய் சேர்த்துத் தோசையாக வார்த்தால் சர்க்கரையே தேவைப்படாது. சனி, ஞாயிறு காலைக்கு ஏற்றது.

சைவக் குடும்பங்கள் பி12 பற்றிக் கவலைப்படத்தான் வேண்டும். நரம்புகளின் மேலுறைக்கு அது அவசியம், காய்கறியில் கிடைக்காது. பால், தயிர், பனீர் தினமும் இருக்கட்டும். இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு நன்கு பழக்கமான மார்மைட்டில் (ரொட்டியில் தடவும் ஈஸ்ட் சாறு) பி12 சேர்த்திருக்கிறார்கள். வெண்ணெயோடு மெல்லியதாகத் தடவினால் போதும், உப்பு அதிகம். பால்கூடச் சேர்க்காதவர்கள் பி12 மாத்திரை பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். ஆளிவிதையிலும் வால்நட்டிலும் இருக்கும் ஒமேகா-3 நல்லதே, ஆனால் அதில் சிறு பகுதியைத்தான் உடல் டிஎச்ஏ ஆக மாற்றும்.

வல்லாரை நினைவாற்றலைப் பெருக்கும் என்று நம் பாட்டிமார் சொல்வதை எல்லோரும் கேட்டிருப்போம். துவையலோ சம்பலோ, கீரை என்ற முறையில் தாராளமாகக் கொடுங்கள். முட்டைக்கும் மீனுக்கும் பதிலாக மட்டும் அதை நம்பிவிடாதீர்கள். ஞாபகசக்தி என்று படம் போட்டு விற்கும் பானப் பவுடர்களுக்கு என் பரிந்துரை கிடையாது. பலவற்றில் சர்க்கரைதான் அதிகம்.

சாப்பாட்டுப் பெட்டி கட்டும் முன் பள்ளியின் ஒவ்வாமை விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல பள்ளிகளில் வேர்க்கடலை, முந்திரி, பாதாம் போன்ற கொட்டைகள் எதுவும் உள்ளே வரக்கூடாது. கடலை மிட்டாய் கூடாது என்பது எல்லோருக்கும் புரிகிறது. எலுமிச்சைச் சாதத்தில் கிடக்கும் வேர்க்கடலை, வேர்க்கடலை சேர்த்து அரைத்த இட்லிப் பொடி, முந்திரி அரைத்துப் போட்ட சத்துமாவு உருண்டை ஆகியவை மறந்துபோகின்றன. வேறொரு குழந்தையின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது. எள்ளும் இந்நாட்டின் ஒவ்வாமைப் பட்டியலில் உள்ளது, எள்ளுருண்டைக்கும் கேட்டுவிடுங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வீட்டிலும் முழுக் கொட்டை வேண்டாம், தொண்டையில் சிக்கும், அரைத்துக் கொடுங்கள்.

பள்ளியில் பொதுவாக யாரும் சூடுபடுத்தித் தரமாட்டார்கள். வாய் அகன்ற பிளாஸ்கில் கொதிக்கும் நீரைப் பத்து நிமிடம் நிரப்பி வைத்து, கொட்டிவிட்டு, ஆவி பறக்கும் சாம்பார் சாதத்தை அடைத்து அனுப்புங்கள். வெதுவெதுப்பான சோற்றை அடைக்காதீர்கள், கிருமி பெருகும். மிஞ்சிய சோற்றை ஒரு மணி நேரத்துக்குள் ஆற்றிக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள். இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் ரிசப்ஷன் எனும் தொடக்க வகுப்பு, இயர் 1, இயர் 2 பிள்ளைகள் எல்லோருக்கும் மதிய உணவு இலவசம். லண்டனில் 2023 செப்டம்பரிலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளி முழுவதற்கும் உண்டு. மாட்டிறைச்சி வேண்டாம், சைவம் என்பதையெல்லாம் சேர்க்கைப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.

சமையலால் மட்டும் போதுமான அளவு தர முடியாதது வைட்டமின் டி. அக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரை இங்குள்ள வெயிலில் தோலால் அதைப் போதுமான அளவு உண்டாக்க முடியாது. ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு ஆண்டு முழுவதும் தினம் 10 மைக்ரோகிராம் என்பது அறிவுரை. நம்மைப் போன்ற கருந்தோல் உடையவர்கள் மற்ற வயதிலும் ஆண்டு முழுவதும் எடுப்பதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறார்கள். மருந்துக்கடையில் சொட்டு மருந்தாகக் கிடைக்கும். மீன் ஈரல் எண்ணெயையும் மல்டிவைட்டமினையும் ஒன்றாகக் கொடுக்காதீர்கள், வைட்டமின் ஏ கூடிவிடும்.

பிள்ளை வெளிறிப்போய், எப்போதும் களைத்து, மண், சுண்ணாம்பு, ஐஸ் என்று எதையாவது தின்னத் தேடினால் சமையல் குறிப்பைத் தேடிக்கொண்டிருக்காமல் உங்கள் குடும்ப மருத்துவரிடம் நேரம் வாங்கி, இரத்தப் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். இன்னும் மருத்துவரிடம் பதிவு செய்யவில்லை என்றால் இந்த வாரமே செய்துவிடுங்கள். பதிவுக்குக் கட்டணம் இல்லை.