பெட்ரோல் டேப் ஒழுகின கதை உங்களிடமும் இருக்கும், சொல்லுங்கள்

தாண்டிக்குடியில் எங்கள் காப்பித் தோட்டத்து ஷெட்டில் ஒரு பி.எஸ்.ஏ. எம்20 மோட்டார் சைக்கிள் நிற்கிறது. தாத்தா வாங்கிய வண்டி. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் செய்து கொடுத்த மாடல் இது. சண்டை முடிந்ததும் கழித்துவிட்டவை எங்கெங்கோ போய்ச் சேர்ந்தன. 496 சிசி, ஏற்றத்தில் மாட்டுவண்டி மாதிரிதான் ஏறும், ஆனால் நிற்காது.

போன மழைக்காலம் முழுக்க டேங்க்கைக் காலியாக விட்டுவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. தை மாதம் பெட்ரோல் ஊற்றி பட்டிவீரன்பட்டி வரை இறங்கிப் போனேன். திரும்பி ஏறும்போது தடியன்குடிசை தாண்டியதும் பெட்ரோல் வாடை. குனிந்து பார்த்தால் டேப்பிலிருந்து (டேங்க்குக்கு அடியில் பெட்ரோலைத் திறந்து மூடுகிற குழாய்) ஓஸ் வழியாக இறங்கி, கார்புரேட்டரை நனைத்து, அதற்குக் கீழே சொட்டிக்கொண்டிருக்கிறது. கீழே இருப்பது எது? மேக்னெட்டோ! தீப்பொறி உண்டாக்குகிற சாமான். வண்டியை அணைத்துவிட்டுப் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டேன். டேப்பை மூடினேன், அப்போதும் சொட்டியது.

பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒரு துணி சோப்பு வாங்கி, டேப்பைத் துடைத்துவிட்டு அதன் மேல் அழுத்தித் தேய்த்தேன். சோப்பு பெட்ரோலில் கரையாது என்று அப்பா சொல்லிக் கேட்டது. அரை மணி நேரம் காத்திருந்து, எஞ்சின் ஆறியதும் வீடு வந்து சேர்ந்தேன்.

அடுத்த இரண்டு வாரம் நான் செய்ததெல்லாம் வீண் வேலை. டேங்க்கில் டேப் ஏறும் மரையில்தான் ஒழுகுகிறது என்று நானே முடிவு கட்டி, ஸ்பேனர் போட்டு இறுக்கினேன். ஃபைபர் வாஷர் பிய்ந்தது. கீழே ஒரு மெக்கானிக்கிடம் கொண்டு போனேன், அவர் மரையில் டெஃப்லான் நாடா சுற்றிக் கொடுத்தார். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் இந்த மரை கால் அங்குல பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் குழாய் மரை அளவு), நேர் மரை. அது இறுக இறுகப் பிடிக்கிற ரகமில்லை, கசிவைத் தடுப்பது வாஷர்தான். சுற்றிய நாடா நூல்நூலாகப் பிரிந்து நான்காம் நாள் கார்புரேட்டரின் சின்ன ஓட்டையான ஜெட்டை அடைத்தது. ஒழுகலும் நிற்கவில்லை.

அப்பா வந்து பார்த்தார். சட்டைப் பையில் பழநித் திருநீறு பொட்டலம் எப்போதும் இருக்கும். டேப்பைத் துணியால் நன்றாகத் துடைக்கச் சொல்லி, மேலே திருநீற்றைத் தூவிவிட்டு, “அஞ்சு நிமிஷம் பேசாம உக்காரு” என்றார். வெள்ளையாக இருந்த இடத்தில் ஒரு சாம்பல் கோடு நனைந்து இறங்கியது. மரையில் இல்லை. டேப்பைத் திறக்கவும் மூடவும் இழுத்துத் தள்ளுகிற தண்டு இருக்கிறதே, அது டேப்பின் உடம்புக்குள் நுழையும் இடத்தில்!

பக்கவாட்டில் இருக்கும் சின்னத் திருகைக் கழற்றினால் தண்டு கையோடு வந்துவிடுகிறது. முனையில் கார்க். ஈரமாக இருக்கும்வரை உப்பி அடைத்துக்கொள்ளும், காய்ந்தால் சுருங்கும். டேங்க் காலியாக இருந்த மாதங்களில் அது நெல்லிக்காய் வற்றல் மாதிரி ஆகிவிட்டிருந்தது. கொதிநீரில் போட்டால் உப்பும், ஆனால் மறுபடி காய்ந்தால் பழைய கதைதான். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், அது வேறு ஈரத்தை இழுக்கும். மூடுபனி மாதங்களில் டேங்க்கின் அடியில், சரியாக டேப் இருக்கும் இடத்தில், தண்ணீரும் துருவும் தேங்கும். துருத்தூள் கார்க்கைக் கோடு கோடாகக் கீறியிருந்தது. அதனால் கார்க்கே வேண்டாமென்று வைட்டான் என்கிற, பெட்ரோல் தாங்கும் ரப்பரில் செய்த ஓ-ரிங் (வளையம்) போட்ட தண்டு செய்து மாட்டினேன். சாதாரண ரப்பர் வாங்கிவிடாதீர்கள், பெட்ரோலில் ஊறி வீங்கும்.

இன்னொன்று. டேங்க்கைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டு போகாதீர்கள். நம் மலை வீடுகளில் கணப்பு எரியும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போகும். அம்மா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கோத்தகிரியிலிருந்து:

அண்ணா, என்னுடையது யெஸ்டி ரோட்கிங், மைசூரில் செய்த டூ-ஸ்ட்ரோக் வண்டி. அதில் வெளியே ஒழுகாது, உள்ளே ஒழுகும். டேப்பை மூடினாலும் இரவு முழுக்கக் கசிந்து, பெட்ரோலை நிறுத்த வேண்டிய கார்புரேட்டர் மிதவை ஊசியும் தேய்ந்திருந்ததால், நேராக எஞ்சின் அடியில் இருக்கும் கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிட்டது. காலையில் கிக்கர் கல்லு மாதிரி நின்றது. பிளக்கைக் கழற்றிவிட்டு உதைத்தால் பெட்ரோல் பீய்ச்சி அடிக்கிறது. அப்புறம் ஸ்டார்ட் ஆகி விட்ட புகையில் கீழ் வீட்டுப் பாட்டி, தேயிலை ஃபேக்டரிதான் பற்றிக்கொண்டதோ என்று ஓடி வந்தார்.

லீவரைக் கழற்றினால் உள்ளே நான்கு ஓட்டை ரப்பர் ஒன்று இருக்கிறது. அதை மட்டும் மாற்றினேன், சரியாகவில்லை. அது உட்காரும் பித்தளை முகத்தில் கீறல். உடைந்த கண்ணாடித் துண்டின் மேல் ஆயிரம் நம்பர் உப்புத்தாளை வைத்து, வட்டம் வட்டமாகத் தேய்த்து மட்டப்படுத்திய பிறகுதான் நின்றது. பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றுகிற டூ-ஸ்ட்ரோக்காரர்களுக்கு ஒன்று: பெட்ரோல் பறந்துபோய் கலந்திருக்கும் ஆயில் மட்டும் தங்கிவிடும். டேப்புக்கடியில் எப்போதும் பிசுபிசுப்பு. அதைப் பார்த்துப் பயந்து நான் ஒரு முறை சும்மா கழற்றி மாட்டினேன்.

கொடைக்கானல், நாயுடுபுரத்திலிருந்து:

தம்பிகளா, இரண்டு பேரும் டேங்க் மூடியைப் பார்த்தீர்களா? என் புல்லட்டில் மூடியின் காற்று ஓட்டை துருவில் அடைத்திருந்தது. வத்தலகுண்டில் டேங்க்கை நிரப்பி மேலே வந்தால் டேப் ஒழுகும், ஊருக்குள் ஓட்டினால் ஒழுகாது. ஏறஏற வெளியே காற்றழுத்தம் குறைகிறது, உள்ளே அடைபட்ட ஆவி தள்ளியிருக்கும் என்று நினைக்கிறேன். புது டேப் வாங்கி மாட்டியும் அதே கதை. ஒரு ஊக்கை விட்டுக் குத்தினேன், புஸ்ஸென்று சத்தம் வந்தது. பழைய டேப்பையே திரும்ப மாட்டிவிட்டேன்.

தாண்டிக்குடி:

பார்க்கவில்லை அண்ணே. இப்போதுதான் ஷெட்டுக்குப் போய் மூடியைத் திறந்து வந்தேன். ஓட்டை இருக்கும் இடத்தில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது.