எஸ்பிளனேட் மேன்ஷனுக்குள் போயிருக்கிறீர்களா? (பழைய வாட்சன் ஓட்டல், மும்பை)

ஈரக்குடை
காலா கோடா பக்கம் வேலை பார்த்தவர்களுக்குக் கட்டடத்தை விளக்க வேண்டியதில்லை. 2004 மழைக்காலம். இரண்டாம் மாடி வக்கீல் ஆபீசில் ஒரு காகிதக் கட்டைக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்கள். வெளித் தாழ்வாரத்தின் நடுவில் நடந்து போனேன். பனியன் போட்ட ஒரு பெரியவர் கதவைத் திறந்து, இந்தியில், "நடுவில் மிதிக்காதே பேட்டா, சுவர் ஓரமாக வா" என்றார். எரிச்சலாக இருந்தது. அவர் வீட்டு வாசலை ஈரமாக்குகிறேன் என்று சொல்கிறார் போல என்று நினைத்தேன்.

மறு வருஷம் பால்கனியில் ஒரு பகுதி இடிந்து விழுந்ததைச் செய்தியில் பார்த்தபோதுதான் அவர் சொன்னது உறைத்தது. அவர் எந்தப் பக்கத்து வீடு என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

ரீல்பெட்டி
லூமியேர் சகோதரர்களின் படங்களை இந்தியாவில் முதன்முதலில் திரையிட்டது இங்கேதான், 1896 ஜூலை 7. அதே தேதியில் போய் நிற்க வேண்டும் என்று ஒரு கிறுக்கு. கீழே ஜெராக்ஸ் கடைக்காரரிடம், "சினிமா காட்டிய இடம் எது?" என்றேன். தலையை நிமிர்த்தாமலே, "ரீகல் அந்தப் பக்கம், நேரே போங்க" என்று கையைக் காட்டினார். அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. நேரே போய் ரீகலில் ஏதோ ஒரு படம் பார்த்துவிட்டு வந்தேன்.

கொலாபா வாசி
ஜாம்ஷெட்ஜி டாட்டாவை வாட்சனுக்குள் விடவில்லை, அந்த ரோஷத்தில்தான் தாஜ் ஓட்டலைக் கட்டினார். இதை யாரும் சொல்லவில்லையே! நான் ஒரே ஒரு தடவை போனேன், படிக்கட்டில் பூனை படுத்திருந்தது, திரும்பிவிட்டேன்.

துருப்பிடித்தவன்
கொலாபா சார், அந்தக் கதைக்கு ஆதாரம் கிடையாது. டாக்சிக்காரர் முதல் எல்லோரும் சொல்கிறார்கள் என்பதற்காக அது வரலாறு ஆகிவிடாது. தாஜ் திறந்தது 1903-இல்.

என் அனுபவம் சின்னது. தெருவில் நின்று ஒரு தூணைத் தட்டிப் பார்த்தேன், காவலாளி விரட்டினார். அவ்வளவுதான்.

ஆனால் ஈரக்குடை அக்கா சொன்னதற்குக் காரணம் உண்டு. 1860களில் கட்டடத்தின் இரும்பு எலும்புக்கூடு முழுவதையும் இங்கிலாந்தில் வார்த்து, கப்பலில் கொண்டுவந்து இங்கே பூட்டினார்கள். வடிவமைத்தவர் ரோலண்ட் மேசன் ஆர்டிஷ். லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையக் கூரையிலும் அவர் கை உண்டு. வார்ப்பிரும்பு மேலிருந்து அழுத்தும் பாரத்தை நன்றாகத் தாங்கும், ஆனால் இழுவிசை வந்தால் வளைந்து காட்டாது, படாரென்று முறியும். அதனால் சுவரை விட்டுத் துருத்தி நிற்கும் பால்கனிதான் பயம். கடல்காற்று வேறு. ஓட்டலை அறைகளாகப் பிரித்து வாடகைக்கு விட்ட பிறகு தடுப்பும் பரணும் ஏறிக்கொண்டே போயின. அந்தக் காலத்து வாடகையில் ரிப்பேருக்கு யார் காசு போடுவது?

பழைய கட்டடத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பால்கனியில் தண்ணீர் டிரம் வைக்காதீர்கள். விரிசலை சிமென்ட் பூசி மறைக்காதீர்கள், ரெண்டு ஓரத்திலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், நீள்கிறதா என்று தெரியும். சுவரில் செம்பழுப்புக் கறை வழிந்தால் பெயின்டரைக் கூப்பிடாதீர்கள், பொறியாளரைக் கூப்பிடுங்கள். மாடிச் செடி ஆசையையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

ரீல்பெட்டி
நாங்கள் யாராவது செடி வளர்க்கிறோம் என்று சொன்னோமா சார்?

மூன்றாம் மாடி மருமகள்
என் நாத்தனார் குடும்பம் அங்கேதான் இருந்தது. 2019-இல் எல்லோரையும் காலி செய்யச் சொன்னபோது உதவிக்குப் போனேன். இடிப்பதா, சரிசெய்வதா என்று நிபுணர்கள் ஒருபக்கம் சண்டை போட்டுக்கொண்டிருக்க, நாங்கள் ஒரு தேக்கு அலமாரியோடு போராடினோம். அறைக்குள்ளேயே செய்ததாம், வாசலில் நுழையவில்லை. தச்சரை வரவழைத்துத் தாழ்வாரத்தில் வைத்து இரண்டாக அறுத்தோம். அறுக்க அறுக்கக் காலடிப் பலகை அதிர்ந்தது. அத்தனை பேரும், யாரும் சொல்லாமலே, சுவர் ஓரமாக ஒதுங்கி நின்றோம்.

ஈரக்குடை, பனியன் போட்ட பெரியவர் என்றால் அங்கே பாதிப்பேர் அப்படித்தான். நாத்தனாரிடம் கேட்டுப் பார்க்கிறேன். இரண்டாம் மாடியில் தெருப்பக்கமா, உள்பக்கமா?