மூளையறை வடிகுழாயும் தொற்றும்: ‘வழி’ வேண்டாம், ‘சார்ந்த’ போதும்

அன்புள்ள மருத்துவக் கலைச்சொல் குழுவினருக்கு, வணக்கம்.

‘வென்ட்ரிகுலர் டிரெய்ன் அசோசியேட்டட் இன்ஃபெக்‌ஷன்’ (மூளையின் உள்ளறையில் வைத்த குழாயோடு தொடர்புடைய தொற்று) என்னும் தொடருக்கு ‘மூளைநீர் வடிகால்வழித் தொற்று’ என்று நம் குழுவின் ஐயா ஒருவர் சென்ற வாரம் ஒரு சொல்லை முன்வைத்திருந்தார்கள். செவிக்கு இனிதாகவே இருக்கிறது. ஆயினும் நரம்பு அறுவைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் அந்தக் குழாயோடு நாள்தோறும் புழங்குகிறவன் என்ற முறையில் அச்சொல்லின் மூன்று பகுதிகளிலும் எனக்குத் தடை உண்டு. முதலிரண்டும் சிறியவை. மூன்றாவதை மட்டும் விட்டுக்கொடுக்க மனமில்லை.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். வளர்ந்த ஒருவரின் மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் நீர் இருக்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிலிட்டர் புதிதாகச் சுரக்கிறது. சுரப்பதும் வற்றுவதும் ஈடாக இருக்கும்வரை தொல்லையில்லை. இரத்தக்கசிவாலோ கட்டியாலோ பாதை அடைபடும்போது, மண்டையோட்டில் சிறு துளையிட்டு, பெரும்பாலும் வலப்பக்கம் நெற்றிக்கு மேலாக, மெல்லிய சிலிக்கோன் குழாய் ஒன்றை மூளையின் உள்ளறைக்குள் செலுத்தி, அதன் மறுமுனையைத் தலைத்தோலுக்கு அடியில் சில சென்டிமீட்டர் ஓட்டி வெளியே எடுத்து, கட்டிலருகே தொங்கும் அளவுக்கலத்தோடு இணைக்கிறோம். கலத்தின் சுழிக்குறி (பூச்சிய அளவுக் கோடு) நோயாளியின் காதுத்துளை மட்டத்துக்கு நேராக நிற்க வேண்டும். செவிலியர் கட்டிலின் தலைப்பகுதியை உயர்த்துவதற்கு முன் குழாயின் திருகை மூடுவதையும், உயர்த்தியபின் மட்டப்பலகை வைத்து மறுபடி மட்டம் பார்த்துத் திறப்பதையும் கண்டவர்களுக்கு, இது வயல்மடையைத் திறந்து மூடுவதைப் போன்ற வேலை என்பது விளங்கும்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். ‘வடிகால்’ என்றதும் தமிழ்நாட்டுக்காரர் மனத்தில் எழுவது குடிநீர் வடிகால் வாரியமும் மழைநீர்க் கால்வாயும்தான். ஒப்புதல் படிவம் ஒன்றில் ‘மூளை வடிகால் அறுவை’ என்று அச்சிட்டிருந்ததைப் படித்த ஒரு பெரியவர், தம் மகனின் தலைக்குள் சாக்கடை ஓடுகிறதா என்று என்னிடமே கேட்டார். சிரித்துக்கொண்டு கேட்கவில்லை. ‘கால்’ என்பது நிலத்தில் வெட்டிய வாய்க்கால். நாம் வைப்பது குழாய். ஆகவே ‘வடிகுழாய்’ என்பதே பொருந்தும். சிறுநீரை வெளியேற்றச் செருகும் குழாய்க்கும் அச்சொல் வழங்குகிறது என்பது உண்மைதான், முன்னொட்டு வேறுபடுத்திவிடும்.

அடுத்தது ‘மூளைநீர்’. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘மூளைத் தண்டுவடத் திரவம்’ என்கின்றன. இலங்கையில் ‘மூளைய முண்ணாண் பாய்பொருள்’ என்பார்கள். சுருக்கமாக ‘மூளைநீர்’ எனலாம், தவறில்லை. ஆனால் நாம் பெயரிட வந்தது அந்த நீரை அன்று, குழாய் சென்று நிற்கும் இடத்தை. இடுப்புப் பகுதி முதுகெலும்புகளுக்கு இடையே செருகும் குழாயும் இதே நீரைத்தான் வடிக்கிறது; அதன் தொற்றுக் கணக்கு தனி. மூளையின் உள்ளறைகள் நான்கு. அவற்றை ‘மூளையறை’ என்று கொண்டால், அவ்வறைகளின் உட்சுவர் அழலும்போது ‘மூளையறை அழற்சி’ என்றும், உறைகள் அழலும்போது ‘மூளையுறை அழற்சி’ என்றும் இணையான இரு சொற்கள் தாமாகவே கிடைத்துவிடுகின்றன.

நீரை வெளியே எடுக்காமல் தோலுக்கடியில் வயிற்றுக்குள் கொண்டுசெல்லும் ‘ஷன்ட்’டையும் சிலர் ‘வடிகால்’ என்றே எழுதுகிறார்கள். ஒரு வாய்க்காலை அடைத்து வேறொன்றில் நீரைத் திருப்புவதை உழவர் ‘மடை மாற்றுதல்’ என்கிறார்களே, அதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்? ‘மடைமாற்றுக் குழாய்’ என்றே வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் பிரித்துச் சொல்வது அழகுக்காக அன்று. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 1605 பேரிடம் நடந்து 2019இல் வெளிவந்த ஆய்வில், மருந்தூட்டாத மடைமாற்றுக் குழாயிலும் வெள்ளி கலந்த குழாயிலும் நூற்றுக்கு ஆறு பேருக்குத் தொற்று நேர, ரிஃபாம்பிசின், கிளின்டாமைசின் என்னும் கிருமிக்கொல்லி மருந்துகளை ஊட்டிய குழாயில் அது இரண்டாகக் குறைந்தது. உள்ளேயே புதைந்துகிடக்கும் குழாயைப் பற்றிய அம்முடிவை, வெளியே திறந்து நிற்கும் குழாய்க்கு ஒரே சொல்லின் தயவால் யாரும் ஏற்றிவிடக் கூடாது.

இப்போது மூன்றாவது தடை: ‘வழி’. நீர்வழிப் பரவல், காற்றுவழிப் பரவல் என்று எழுதிப் பழகிய நமக்கு ‘குழாய்வழித் தொற்று’ என்றதும் கிருமி அந்தக் குழாய் மூலமாகவே உள்ளே போனது என்ற பொருள் தீர்ப்புப்போல் வந்து நின்றுவிடுகிறது. ‘அசோசியேட்டட்’ (தொடர்புடைய) என்ற மூலச்சொல் அத்தீர்ப்பை வழங்கவில்லை. குழாய் இருந்த காலத்திலோ எடுத்த சில நாள்களுக்குள்ளோ தொற்று கண்டறியப்பட்டது என்ற உடனிகழ்வை மட்டுமே அது குறிக்கிறது. கண்காணிப்புக் கணக்குக்காக ஏற்பட்ட சொல் அது. மண்டை உடைந்து மூளையுறை கிழிந்து வந்தவருக்குக் கிருமி காயத்தின் ஊடாகவே நுழைந்திருக்கலாம். முன்னர் நடந்த அறுவையின் தையலிலிருந்தும் வந்திருக்கலாம். குழாய் உடனிருந்தது என்பது மட்டுமே நமக்கு உறுதியாகத் தெரிந்தது.

தொற்று உண்டா இல்லையா என்று முடிவு செய்வதே கடினமான வேலை. இரத்தக்கசிவு ஏற்பட்டவரின் மூளைநீரில் கிருமி எதுவும் இல்லாமலே வெள்ளையணுக்கள் கூடும், சர்க்கரை குறையும், காய்ச்சலும் வரும். 500 முதல் 1000 சிவப்பணுக்களுக்கு ஒரு வெள்ளையணு என்ற கணக்கை வைத்து ஒருவாறு கழித்துப் பார்க்கிறோம். நீர் கழுநீர்போலக் கலங்கி வந்தால் ஐயமில்லை. பல நாள்களில் அது வெளிர்மஞ்சளாகத் தெளிந்தே வந்துகொண்டிருக்கும், கிருமி வளர்சோதனையில் மட்டும் தோலில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்னும் கிருமி ஒருமுறை முளைக்கும். அது மாதிரியெடுத்தபோது கலந்த மாசா, குழாய்ச் சுவரில் படலமாகக் குடியேறியதா, உண்மையான தொற்றா? மூன்றுக்கும் மூன்று சொற்கள் வேண்டும்: மாசு, குடியேற்றம், தொற்று. ‘வழி’ என்ற ஒன்று இந்த மூன்றையும் ஒரே குற்றச்சாட்டாக்கிவிடும்.

குற்றம் குழாயின்மேல் விழுந்தால் சிகிச்சையும் அதன் பின்னே போகும். 1984இல் மேஹால் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, ஐந்து நாளுக்குமேல் குழாயை வைத்திருந்தால் தொற்று மிகுகிறது என்று கண்டு, அதற்குமுன் எடுத்துவிட்டு, தேவைப்பட்டால் வேறிடத்தில் புதிதாக வைக்கும்படி சொன்னது. நெடுங்காலம் பலரும் அப்படியே செய்தார்கள். நாள் கணக்குப் பார்த்து மாற்றுவதால் நன்மையில்லை, ஒவ்வொரு மாற்றமும் மூளைக்குள் புதிதாக ஒரு பாதையைத் திறக்கிறது என்பது பின்னர்தான் தெளிவாயிற்று. 2017இல் வந்த அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கத்தின் வழிகாட்டுதலும் அவ்வாறு வழக்கமாக மாற்ற வேண்டாம் என்றே சொல்கிறது. அந்த வழிகாட்டுதல் தன் தலைப்பில் குழாயின் பெயரையே சொல்லாமல் ‘மருத்துவப் பராமரிப்போடு தொடர்புடைய’ மூளையறை அழற்சி, மூளையுறை அழற்சி என்று நிறுத்திக்கொண்டதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

எனவே ‘மூளையறை வடிகுழாய் சார் தொற்று’ என்பது என் பரிந்துரை. ‘சார்’ என்பது அருகில் நிற்பதைச் சொல்லும். அனுப்பியவர் யார் என்று சொல்லாது.

மறுமொழி

வணக்கம் டாக்டர். நீண்ட நாள் வார்டில் இருந்துவிட்டு இப்போது செவிலிய மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். உங்கள் சொல்லை இன்று காலை வகுப்பில் கரும்பலகையில் எழுதி ஒரு மாணவியைப் படிக்கச் சொன்னேன். ‘வடிகுழாய் சார்’ என்று அவள் நிறுத்தியதும் வகுப்பு முழுவதும் சிரித்துவிட்டது. அந்தப் பெயரில் ஓர் ஆசிரியர் வந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டார்கள். ‘சார்ந்த’ என்று நிறைத்து எழுதினால் இரண்டெழுத்து கூடும், சிரிப்பு நின்றுபோகும்.

இன்னொன்று உண்டு. ‘வழி’யைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்ட நீங்கள் ‘தொற்று’ என்ற சொல்லைக் கேள்வியின்றி விட்டுவிட்டீர்கள். ‘டியூபில் தொற்று வந்திருக்கிறது’ என்று சொன்ன மறுகணம் வீட்டார் கேட்பது, “தொத்திக்குமா சிஸ்டர், பிள்ளையைக் கூட்டிட்டு வரலாமா?” என்பதுதான். எங்கள் கையிலிருந்து இன்னொரு நோயாளியின் குழாய்க்கு அது போகக்கூடும், அதற்காகத்தான் கை கழுவச் சொல்லி ஓயாமல் கத்துகிறோம். பார்க்க வந்த பிள்ளைக்கு அம்மைபோல ஒட்டிக்கொள்ளாது. நூலில் ‘தொற்று’ இருக்கட்டும். வீட்டாருக்குக் கொடுக்கும் தாளில் ‘தலையில் வைத்த டியூபுள்ள இடத்தில் கிருமி சேர்ந்திருக்கிறது’ என்று எழுதுங்கள். அங்கே கலைச்சொல் வேண்டியதில்லை.

மறுமொழி

அம்மா, இரண்டையும் ஏற்றுக்கொள்கிறேன். சிறு திருத்தம் ஒன்று மட்டும்: ‘டியூபுள்ள இடத்தில்’ என்பதைவிட ‘மூளையைச் சுற்றியுள்ள நீரில்’ என்று எழுதினால், தோலில் துளையிட்ட இடம் சிவந்து சீழ் வைப்பதோடு இதைக் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். பட்டியலில் ‘மூளையறை வடிகுழாய் சார்ந்த தொற்று’ என்று திருத்திவிட்டேன். ‘மடைமாற்றுக் குழாய்’ பற்றி இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை. வரும் ஞாயிறு வரை காத்திருக்கிறேன்.