காம்யுவின் ஒரு வரியைத் தமிழில் எழுத உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. நீண்ட சிகிச்சை முடிந்து அக்கா அடுத்த வாரம் வீடு திரும்புகிறாள். வாழ்த்து அட்டையில் பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யுவின் ‘திபாசாவுக்குத் திரும்புதல்’ (1952) கட்டுரையிலிருந்து ஒரு வரி எழுத ஆசை. நடுக்குளிர்காலத்தில், வெல்லமுடியாத ஒரு கோடை தனக்குள் இருப்பதைக் கண்டுகொண்டதாகச் சொல்வார்.

அந்தக் ‘கோடை’தான் உறுத்துகிறது. அல்ஜீரியாவின் கடலோர நகரமான அல்ஜியர்ஸில் வளர்ந்தவருக்கு அது வெளிச்சம், கடல், இளமை. நமக்கோ புழுக்கமும் தண்ணீர்க் கஷ்டமும்தான் முதலில் நினைவுக்கு வரும். ‘வேனில்’ என்று போடலாமா? ‘இளவேனில்’ என்றால் வசந்தமாகிவிடும். அவர் சொன்னது அதுவல்ல.

அப்புறம், இணையத்தில் ‘என் அன்பே’ என்று தொடங்கிச் சுற்றும் நீண்ட வடிவம் அவருடையதல்ல, அது வேண்டாம். பிரெஞ்சு தெரிந்தவர்கள் யாராவது ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு நல்ல வரி தர முடியுமா?